பூனைக்குப் பச்சை இறைச்சி: செலவு குறைய, சத்து குறையாமல்



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரத்தில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் தன் உம்மாவுடன் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தான். கையில் பழைய துண்டில் சுற்றிய ஒரு பூனைக்குட்டி. வயது நான்கு மாதம் இருக்கும். பின்கால்களை ஊன்ற முடியவில்லை, தொட்டாலே கத்தியது. கட்டிலிலிருந்து கீழே குதித்தது, வேறொன்றும் நடக்கவில்லை என்றான். மருத்துவச் செலவுக்கு உதவ முடியுமா என்று உம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். எங்களில் ஒருவர் அவர்களோடு கால்நடை மருத்துவமனைக்குப் போனார்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது, "தம்பி, இதுக்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?" என்பதைத்தான்.

"நல்ல கறி மட்டும்தான் சார். கோழி நெஞ்சுக்கறி. எலும்பு ஒரு துண்டுகூட போட்டதில்லை" என்றான் பையன், பெருமையாகவே.

குட்டியின் தொடை எலும்பு முறிந்திருந்தது. மற்ற எலும்புகளும் எக்ஸ்ரேயில் தெளிவில்லாத நிழல்போல மெலிந்து தெரிந்தன. அந்த வீட்டில் மாதம் முழுவதும் மீன் ஆணமும் பருப்பும்தான். பிள்ளையின் ஆசைக்காக உம்மா தையல் காசிலிருந்து கறி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கறியால்தான் குட்டியின் எலும்பு கரைந்திருக்கிறது.

இந்தச் சம்பவத்தைக் கேள்விப்பட்ட பிறகு பலரும் எங்களிடம் கேட்கத் தொடங்கினார்கள். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்கலாமா? கடைத் தீனி வாங்க வசதியில்லை, என்ன செய்வது? வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், ஆபத்து உண்டா? கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் நாங்கள் தெரிந்துகொண்டவற்றை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறோம்.

பூனை எப்படிப்பட்ட பிராணி?

நாய் நம்மைப் போல எதையும் தின்று பிழைத்துக்கொள்ளும். பூனை அப்படியல்ல. சிங்கம், புலி போல இறைச்சியை மட்டுமே நம்பிப் படைக்கப்பட்ட உடம்பு அது. நம் உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும் பல சத்துகளைப் பூனையின் உடம்பால் தயாரிக்க முடியாது; அவை உணவிலேயே வந்தாக வேண்டும்.

அவற்றில் முதன்மையானது டாரின் என்ற சத்து. இது இறைச்சியிலும் மீனிலும் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. இது குறைந்தால் பூனையின் கண்ணில் விழித்திரை சிதைந்து பார்வை போகும் என்பது 1975-ல் தெரியவந்தது. இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோய்க்கும் இதே குறைதான் காரணம் என்று 1987-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதுவரை பெரிய நிறுவனங்களின் பூனைத் தீனியில்கூட டாரின் போதுமான அளவில் இல்லை. அதன் பிறகே அளவைக் கூட்டினார்கள்.

இரண்டாவது, வைட்டமின் ஏ. கேரட்டிலும் கீரையிலும் உள்ளதை நம் உடம்பு வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. பூனையால் அது முடியாது. ஈரல் போன்ற உறுப்புகளிலிருந்துதான் அது கிடைக்க வேண்டும். சில கொழுப்புச் சத்துகளும் அப்படித்தான்: தாவர எண்ணெயிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது, மிருகக் கொழுப்புதான் வேண்டும்.

எலியை அளவுகோலாக வைத்துக்கொள்வோம்

பூனைக்கு எது முழு உணவு என்று புரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு பூனை எலியைப் பிடித்தால் என்ன செய்கிறது? சதையை மட்டும் தின்றுவிட்டுப் போவதில்லை. தலை, எலும்பு, இதயம், ஈரல் என்று ஏறக்குறைய முழுவதையும் தின்கிறது. அந்தச் சின்ன உடம்பில் சதையும் எலும்பும் உறுப்பும் கொழுப்பும் நீரும் அளவாக அமைந்திருக்கின்றன.

ஆகவே கறிக்கடையிலிருந்து எதை வாங்கினாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எலியைப் போல முழுமையாக இருக்கிறதா, அல்லது எலியின் ஒரு பகுதி மட்டும்தானா?

அந்தப் பையன் கொடுத்தது எலியின் சதை மட்டும். 100 கிராம் கோழிச் சதையில் கால்சியம் சுமார் 10 மில்லிகிராம்தான் இருக்கிறது; பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம். இரண்டும் ஏறக்குறைய சமமாக, கால்சியம் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். இருபது பங்கு பாஸ்பரஸ் வந்து கால்சியம் வராமல்போனால், இரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ள உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை எடுக்கிறது. வளரும் குட்டிக்குச் சில வாரங்களிலேயே எலும்பு மெலிந்துவிடுகிறது. வயிறு நிறைகிறது, குட்டி கொழுகொழுவென்றும் இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது

பால்சோறு: குட்டிகள் தாய்ப்பாலைச் செரிக்கும். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடுகிறது. பால் வைத்தால் ஆசையாகக் குடிக்கும், பிறகு வயிற்றால் போகும். சோறு வயிற்றை அடைக்கும். பூனைக்கு வேண்டிய சத்து அதில் இல்லை.

மீன் மட்டும்: பச்சை மீன் தினமும் கொடுப்பது நல்லதல்ல. கெண்டை உள்ளிட்ட சில மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் ஒரு பொருள் இருக்கிறது. தொடர்ந்து தின்றால் பூனை தள்ளாடும், தலை கீழ்நோக்கி வளையும், வலிப்பும் வரலாம். வேகவைத்தால் அந்தப் பொருள் அழிந்துவிடும். ஆனால் எண்ணெய்ச் சத்துள்ள மீனை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வீங்கி வலிக்கும் நோய் வருகிறது. வாரத்தில் ஒன்றிரண்டு முறை வேகவைத்த மீன் போதும்.

ஈரல் மட்டும்: விலை குறைவு, பூனைக்கும் பிரியம். ஆனால் ஈரலையே தினமும் வயிறாரக் கொடுத்தால் வைட்டமின் ஏ உடம்பில் தங்கித் தங்கிச் சேர்ந்துவிடும். கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பூனை தலையைத் திருப்ப முடியாமல் போகும். ஈரல் மருந்து மாதிரி, அளவோடு வேண்டும்.

பிரியாணி, குழம்பு மிச்சம்: வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை உடைத்து இரத்தசோகை உண்டாக்கும். மசாலாவில் வெந்த கறியைக் கழுவிப் போட்டாலும் வெங்காயச் சாறு கறியிலேயே ஊறியிருக்கும். வெந்த எலும்பு கூர்மையாகச் சிலும்பி உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். சட்டியில் மிஞ்சியதைப் பூனைக்குப் போடுவதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பச்சை இறைச்சியின் நன்மை என்ன?

மிகைப்படுத்தாமல் சொல்கிறோம். பச்சை இறைச்சியில் பத்தில் ஏழு பங்கு நீர். உலர் தீனியில் பத்தில் ஒரு பங்குதான். பூனை இயல்பாகவே குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பிராணி. ஈர உணவு தின்னும்போது சிறுநீர் தாராளமாகப் பிரியும். சிறுநீர் அடைப்பு வரும் ஆண் பூனைகளுக்கு இது பெரிய உதவி. சத்துகள் வேகவைத்த நீரில் கரைந்து போவதில்லை. மாவுச்சத்து இல்லை. கடை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பச்சை இறைச்சி நோயைக் குணப்படுத்தும், ஆயுளைக் கூட்டும் என்றெல்லாம் சிலர் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் உட்படப் பல மருத்துவ அமைப்புகள், கிருமி ஆபத்தைக் காரணம் காட்டி, செல்லப் பிராணிகளுக்குப் பச்சை இறைச்சி கொடுக்க வேண்டாம் என்றே சொல்கின்றன. அதைத் தெரிந்துகொண்டு, எச்சரிக்கையோடு செய்ய முடிந்தவர்கள் மட்டும் செய்யட்டும். மற்றவர்கள் இதே கலவையை வேகவைத்துக் கொடுக்கலாம். அந்த முறையையும் கீழே சொல்கிறோம்.

கடையில் என்ன கேட்டு வாங்குவது?

நெஞ்சுக்கறி வேண்டாம். அதுதான் விலை அதிகம், அதில்தான் டாரினும் குறைவு. தொடைக்கறி, காலில் உள்ள கருஞ்சதை, இதயம் ஆகியவற்றில் டாரின் அதிகம். எலும்பு நீக்கிய கறியாக வாங்கினால் விலை கூடும்; முழுக்கால் வாங்கி வீட்டில் சதையைப் பிரித்துக்கொண்டு, எலும்பை நம் சூப்புக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கோழியின் இதயமும், ஈரலோடு சேர்த்துப் போடும் கெட்டியான உருண்டை இரைப்பையும் பல கடைகளில் விலை குறைவு. கோழிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அன்றைக்கு அறுத்ததில் எடுத்துவைப்பார். ஆட்டின் இதயமும் நல்லது.

நாய்க்கும் பூனைக்கும் என்று பையில் கட்டித் தரும் குடல், தோல், இறகு கலந்த கழிவை வாங்காதீர்கள். வெயிலில் கிடந்தது, ஈ மொய்த்தது எதுவும் வேண்டாம். நாம் சமைத்துச் சாப்பிடத் தகுதியில்லாத இறைச்சி பூனைக்கும் தகுதியில்லை.

ஒரு கிலோ கலவை செய்யும் முறை

தொடைக்கறி, தோலோடு, எலும்பில்லாமல்: 600 கிராம்.
இதயமும் இரைப்பையும் சேர்த்து: 250 கிராம். இதயம் பாதிக்கு மேல் இருக்கட்டும்.
கோழி ஈரல்: 50 கிராம்.
வேகவைத்து முள் நீக்கிய மீன்: 50 கிராம்.
வேகவைத்த முட்டை: ஒன்று.
முட்டை ஓட்டுத் தூள்: தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம்.
அயோடின் கலந்த உப்பு: ஒரு சிட்டிகை.

முட்டை ஓட்டுத் தூள்தான் இதில் எலியின் எலும்புக்குப் பதில். ஓடுகளைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் பவுடராக அரைத்து, சலித்து ஒரு பாட்டிலில் போட்டுக்கொள்ளுங்கள். துருதுருவென்று இருக்கக் கூடாது. ஒரு கிராம் தூளில் சுமார் 380 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஒரு கிலோ கறியில் உள்ள பாஸ்பரசுக்கு 5 கிராம் தூள் சரியாக ஈடுகட்டும். காசு கொடுத்துக் கால்சியம் மருந்து வாங்க வேண்டியதில்லை.

சிலர் பச்சைக் கோழிக் கழுத்தையே எலும்போடு அரைத்துச் சேர்க்கிறார்கள். பச்சை எலும்பு மென்மையானது. வெந்த எலும்பைப் போலக் குத்தாது. ஆனால் எலும்பை அரைக்க நல்ல இயந்திரம் வேண்டும். எலும்பு சேர்த்தால் ஓட்டுத் தூள் வேண்டாம். இரண்டையும் சேர்த்தால் மலச்சிக்கல் வரும்.

கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஈரலையும் மீனையும் முட்டையையும் மசித்து, தூளைத் தூவிக் கலந்துகொள்ளுங்கள். ஈரலும் தூளும் எல்லாப் பங்கிலும் சமமாகப் போக வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக் கால்நடை மருத்துவர்கள் 2019-ல், பூனைக்கு வீட்டில் செய்யும் உணவுமுறைகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் திரட்டி ஆராய்ந்தார்கள். கணக்கிட முடிந்தவற்றில் ஒன்றில்கூட எல்லாச் சத்தும் முழுமையாக இல்லை. நாம் மேலே சொன்ன கலவையிலும் வைட்டமின் ஈ, துத்தநாகம், மாங்கனீசு போன்றவை குறைய வாய்ப்புண்டு. ஆகவே தினமும் ஒரு வேளை இந்தக் கலவை, ஒரு வேளை 'முழு உணவு' என்று அச்சிட்ட பூனைத் தீனி கொஞ்சம் என்று கொடுப்பதே பாதுகாப்பான வழி. அல்லது, கால்நடை மருத்துவரிடம் கேட்டு, பூனைக்கான வைட்டமின் கலவையைச் சேருங்கள். வளரும் குட்டிக்கும் சினைப் பூனைக்கும் வீட்டுக் கலவையை மட்டும் நம்ப வேண்டாம்.

எவ்வளவு கொடுப்பது? என்ன செலவாகும்?

வளர்ந்த பூனைக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு போதும். நம் நாட்டுப் பூனை மூன்றரை, நான்கு கிலோ இருக்கும். அதற்கு நாள் ஒன்றுக்கு 100 முதல் 120 கிராம். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். குட்டிகளுக்கு அவற்றின் எடைக்கு இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தேவைப்படும். நாளைக்கு நான்கு வேளை கொடுக்க வேண்டும். விலாவைத் தடவினால் எலும்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் கூட்டுங்கள், தட்டுப்படவே இல்லையென்றால் குறையுங்கள்.

கலவை கிலோவுக்கு 220 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் 110 கிராம் என்றால் ஒன்பது நாள் வரும். நாளைக்கு 25 ரூபாய்க்குள். ஒரு வேளைக்குத் தீனி கொடுத்தால் கலவை பாதிதான் செலவாகும், பதினெட்டு நாள் வரும். உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இதுவும் சிரமம் என்றால் எத்தனை பூனையைச் சோறிட்டு வளர்க்க முடியும் என்பதை யோசிக்க வேண்டும். கருத்தடை செய்த இரண்டு பூனைகளை ஒழுங்காக வளர்ப்பது, பத்துப் பூனைகளைப் பால்சோற்றில் வளர்ப்பதைவிட மேல்.

சுத்தம்: இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது

பச்சைக் கோழியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கும். பூனை அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதன் வாயிலும் மலத்திலும் கிருமி வரும். அது குழந்தைகளின் கைக்கும் நம் சமையலறைக்கும் வந்து சேரும்.

பூனை இறைச்சிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி, தனிப் பாத்திரம் வையுங்கள். குழாயடியில் கோழியைப் பீய்ச்சிக் கழுவாதீர்கள். தெறிக்கும் நீரோடு கிருமியும் தெறிக்கும். வேலை முடிந்ததும் மேடையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கலவையை ஒரு நாள் அளவாகச் சிறு டப்பாக்களில் போட்டு உறையவையுங்கள். மறுநாளுக்கு வேண்டியதை முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து இளகவிடுங்கள். வெளியே மேடையில் வைத்து இளகவிட வேண்டாம். இளகியதை மறுபடி உறையவைக்க வேண்டாம். தட்டில் வைத்த உணவை அரை மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் அதற்குள் கெட ஆரம்பித்துவிடும்.

உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. மைனஸ் 18 டிகிரியில் பல நாட்கள் உறையவைத்தால் இறைச்சியில் உள்ள ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் அழியும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் அறை அந்தக் குளிருக்குப் போவதில்லை. சால்மோனெல்லா எந்தக் குளிரிலும் தூங்கும், சாகாது. பறவைக் காய்ச்சல் வைரசும் அப்படியே.

பறவைக் காய்ச்சலை நாம் அலட்சியம் செய்யக் கூடாது. 2024-ன் கடைசியில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 வைரசால் இறந்தன. அதே காலத்தில் அமெரிக்காவில், கடையில் விற்ற உறைந்த பச்சை இறைச்சித் தீனியைத் தின்ற வீட்டுப் பூனை இதே நோயால் இறந்தது. பூனை இனத்தை இந்த வைரஸ் கடுமையாகத் தாக்குகிறது. எங்காவது கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் அன்றே பச்சைக் கோழியை நிறுத்திவிட்டு வேகவைத்துக் கொடுங்கள். வெப்பம் அந்த வைரசை அழித்துவிடும்.

இந்த வீடுகளில் பச்சையாக வேண்டாம்

கர்ப்பிணி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, முதியவர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர், சிறுநீரகம் மாற்றியவர் போன்றோர் இருக்கும் வீட்டில் பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள்.

கர்ப்பிணியைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். பயத்தினால் வீட்டுப் பூனையைச் சந்தையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததாக எங்களிடம் சொன்னவர்கள் உண்டு. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி எலியிலிருந்தோ பச்சை இறைச்சியிலிருந்தோ பூனைக்கு வரும். முதல் முறை தொற்றும்போது ஒன்று முதல் மூன்று வாரம் வரை பூனையின் மலத்தில் அதன் முட்டைகள் வெளியேறும். கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். ஆனால் அந்த முட்டைகள் வெளியே வந்து ஒரு நாளாவது கழிந்த பிறகே தொற்றும் சக்தி பெறுகின்றன. ஆகவே பூனையின் மலத்தை வேறொருவர் தினமும் அப்புறப்படுத்தினால், பூனைக்கு வேகவைத்த உணவே கொடுத்தால், வெளியே வேட்டைக்கு விடாமல் பார்த்துக்கொண்டால் ஆபத்து மிகவும் குறைந்துவிடும். சரியாக வேகாத கறியும் கழுவாத காய்கறியும் கர்ப்பிணிக்கு இதே நோயைக் கொண்டுவரலாம் என்பதையும் மறக்க வேண்டாம். பூனையை விரட்ட வேண்டியதில்லை.

வேகவைக்கும் முறை: கறி, இதயம், இரைப்பை, ஈரல் ஆகியவற்றை மூழ்கும் அளவு நீரில், உப்பும் மஞ்சளும் மசாலாவும் போடாமல், உள்ளே சிவப்பு மாறும்வரை வேகவிடுங்கள். டாரின் நீரில் கரையும்; எனவே வெந்த நீரைக் கொட்டாமல் கறியோடு சேர்த்தே கொடுங்கள். ஆறிய பின் முட்டை, மீன், ஓட்டுத் தூள், சிட்டிகை உப்பு கலக்கவும். எலும்பு ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது.

மாற்றும்போது பொறுமை வேண்டும்

பால்சோறு தின்று பழகிய பூனை கறியைப் பார்த்து முகத்தைத் திருப்பலாம். பட்டினி போட்டால் தானே தின்னும் என்று நினைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாத பூனைக்கு, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். பழைய உணவில் ஒரு தேக்கரண்டி கலவையைச் சேர்த்து ஆரம்பித்து, பத்துப் பதினான்கு நாளில் படிப்படியாக மாற்றுங்கள். லேசாகச் சூடுகாட்டினால் வாசனை பிடித்துத் தின்னும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து அவசியம். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். ஒரு நாளுக்கு மேல் வாந்தி, வயிற்றால் போதல், மலத்தில் இரத்தம், நொண்டுதல், ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராமை, இவற்றில் எது கண்டாலும் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சிறுநீர் அடைப்பு என்றால் அன்றே போக வேண்டும்.

ஹஜ்ஜுப் பெருநாள் நாட்களில்

குர்பானி நாட்களில் வீட்டில் இறைச்சி நிறைய இருக்கும். பூனைகளுக்கும் விருந்துதான். கொழுப்பையும் சவ்வையும் அள்ளிப் போட்டால் வயிறு கெடும். இதயத்திலும் சதையிலும் கொஞ்சம் எடுத்து, மேலே சொன்ன அளவில் ஓட்டுத் தூள் கலந்து டப்பாக்களில் வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்கு வரும்.

அறுக்கும்போது ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டிகள், புழுக்கள் கண்டால் அந்த உறுப்பைப் பூனைக்கோ நாய்க்கோ போடாதீர்கள். அந்த நீர்க்கட்டிகளைத் தின்னும் நாயின் குடலில் நாடாப்புழு வளர்ந்து, அதன் முட்டைகள் மனிதருக்குத் தொற்றி, நம் ஈரலிலும் நுரையீரலிலும் அதே கட்டியை உண்டாக்கும். நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழிவெட்டிப் புதையுங்கள்.

முடிவாக

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள். அதனால்தான் நம் வீட்டு வாசலுக்கு வரும் பூனை வெறும் வயிற்றோடு திரும்புவதில்லை. வயிறு நிறைந்தும் உடம்பு பட்டினி கிடக்கலாம் என்பதை அந்தக் குட்டியின் எக்ஸ்ரேயில்தான் நாங்கள் பார்த்தோம்.

குட்டியை ஆறு வாரம் ஒரு பெட்டிக்குள் குதிக்க விடாமல் வைத்திருந்தார்கள். மருத்துவர் சொன்ன தீனியும் கால்சியமும் கொடுத்தார்கள். இப்போது நடக்கிறது, பின்கால் ஒன்று சற்று வளைந்தே இருக்கிறது, அது நேராகாது என்று சொல்லிவிட்டார்கள். பையன் முட்டை ஓடுகளைச் சேர்த்துக் காயவைத்துத் தூள் செய்து, பக்கத்து வீடுகளுக்கும் சிறு பாட்டில்களில் கொடுக்கிறான். வேண்டுவோர் அலுவலகத்தில் சொன்னால் அவனிடம் வாங்கித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். எதில் சந்தேகம் வந்தாலும், பச்சையாகக் கொடுக்காமல் வேகவைத்துக் கொடுத்துவிடுங்கள். ஓட்டுத் தூளை மட்டும் மறந்துவிடாதீர்கள்.